தறிக்குழியில ஒரு ஸ்விட்ச்சு

அம்சவேணி தறிக்குழிக்குள்ள காலை எறக்கினப்போ ஞாயித்துக்கெழமை காலைல மணி ஏழு. நெய்யறதுக்குக் குழிக்குள்ள எப்பவும் ரெண்டு மிதிதான். அன்னைக்கு வலது மிதிக்கு ஒட்டினாப்புல சின்னதா மூணாவது ஒண்ணு இருந்துச்சி. பழைய தையல் மெஷின் மோட்டாரோட மிதி. அவ புருஷன் வீரபாகு அதைக் கழட்டி, ஒயரு இழுத்து, ஜன்னல் மாடத்துல இருந்த ரேடியோ செட்டுல சேத்து உட்டிருந்தான். போலீஸ் ஜீப்புல மாட்டுவாங்களே, அந்த மாதிரி பேசற செட்டு. மிதிச்சா செவப்பு லைட்டு எரியும், நாம பேசறது போவும். காலை எடுத்தா அந்தாண்ட பேசறது வரும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்காது.

மைக்கைக் கையில புடிச்சிக்கினு பேசலாம்தான். ஆனா கை சும்மா இருந்தா அவளுக்கு வாயில வார்த்தை வராது. கையில எப்பவும் பட்டு இருக்கணும். அதனால மைக்கைத் தறிக்கு மேல கயித்துல கட்டித் தொங்கவுட்டு, ஸ்விட்ச்சைக் குழிக்குள்ள வச்சாச்சு. "ஊரு ஜனமெல்லாம் வாயால பேசுது, எம் பொண்டாட்டி காலால பேசப் போறா"ன்னு பிள்ளையார்பாளையம் பூரா சொல்லிச் சிரிச்சிக்கினு திரிஞ்சான் வீரபாகு.

அந்தப் பேச்சு எப்பிடிப் போவுதுன்னு நெனச்சாலே அவளுக்குக் கனா மாதிரி இருக்கும். சின்ன காஞ்சிபுரத்துல தேவராஜன்னு ஒரு பிசிக்ஸ் வாத்தியாரு, இந்த மாதிரி ஹாம் ரேடியோன்னா அவருக்குப் பைத்தியம். அவரு வீட்டுல இதே மாதிரி ஒரு செட்டு, பக்கத்துல கம்ப்யூட்டரு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்னப் பொட்டி. இவ இங்க பேசினா அது கோபுரத்து மேல எல்லாம் பறந்து அவரு செட்டுக்குப் போவும். அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள்ள எறங்கும். இன்டர்நெட்டு வழியா நாக்பூர்ல யாரோ முகம் தெரியாத புண்ணியவான் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போயி, மறுபடி காத்துல ஏறி, அந்த ஊருல செட்டு வச்சிருக்கறவன் காதுல உழும். தாமல் ஏரி ரொம்பி நிக்கறப்போ இந்தக் கரைல கூப்ட்டா அந்தக் கரைல யாரோ திரும்பிப் பாப்பாங்க இல்ல, அப்பிடி.

நாக்பூர்ல செட்டு வச்சிருக்கறவன் தினகரன். அவ கூடப் பொறந்த தம்பி.

ஒம்போது வருஷமா அவன் அக்காகிட்ட பேசல. அம்மா செத்தப்போ அவன் ரயில்ல வந்துக்கினு இருந்தான். ரயிலு லேட்டு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னு பெரியவங்க அவசரப்படுத்தினாங்க. மூத்தவ நீ சொல்லும்மான்னாங்க. அவ சரின்னு தலையாட்டினா. மறுநாள் காலைல வந்தவன் வாசல்லயே நின்னுட்டு, உள்ள காலை வைக்காமலே திரும்பிப் போயிட்டான். அப்புறம் எத்தினி தடவ போன் பண்ணாலும் அவ குரலைக் கேட்டதும் வச்சிடுவான்.

நாக்பூர்லேர்ந்து காஞ்சிபுரத்துக்காரன் ஒருத்தன் ரேடியோல வரான், பேரு தினகரன்னு தேவராஜன் வெளையாட்டாத்தான் ஒரு நாள் சொன்னாரு. ரேடியோக்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டாம். யாரு கூப்ட்டாலும் பதில் சொல்லிடணும், மூஞ்சியத் திருப்பிக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சிக்கினுதான் எட்டாவது படிச்ச அம்சவேணி ரெண்டு வருஷம் படிச்சா. மெட்ராஸுக்குப் போயி பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிட்டா.

செட்டு கொரகொரன்னுது. லைன் சேந்தாச்சு, கூப்பிடுங்கோன்னாரு தேவராஜன். மிதிச்ச ஒடனே பேசக் கூடாது, ஒரு மூச்சு உட்டுட்டுத்தான் பேசணும், இல்லன்னா மொத வார்த்தை வழியிலயே தங்கிடும்னு ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தாரு. அவளும் அப்பிடியே மிதிச்சி, மூச்சு உட்டு, லைசென்ஸுல குடுத்த இங்கிலீஷ் எழுத்தையும் நம்பரையும் மட்டும் சொன்னா. ரேடியோல எல்லாக் குரலும் தகரமாத்தான் கேக்கும். அந்தாண்டலேர்ந்து தினகரன் மரியாதையா, பேரும் ஊரும் சொல்லுங்கன்னான்.

பேரு சொன்னா தெரிஞ்சிடும். தெரிஞ்சா வச்சிடுவான். அவ கை தானா ஊடு நூலு ஓட்டற நாடாவை எடுத்துச்சி, காலு தானா நெய்ய ஆரம்பிச்சிடுச்சி. நான் அம்சவேணி, வச்சிடாதப்பா, அன்னைக்கி நான் சரின்னது தப்புதான்னு மனசுல இருந்ததை எல்லாம் கொட்டினா. கொட்டி முடிச்சப்போதான் செட்டைப் பாத்தா. செவப்பு லைட்டு வலது காலு எறங்கினா எரியுது, எடது காலு எறங்கினா அணையுது. பக்கத்துல இருந்த ஸ்விட்ச்சையும் சேத்து மிதிச்சிக்கினு இருந்திருக்கறா. காலை எடுத்தா.

தேவராஜன்தான் மொதல்ல வந்தாரு. துண்டு துண்டா வந்தது, ஒண்ணுமே புரியலை, திரும்பச் சொல்லுங்கோன்னாரு. திரும்பச் சொல்ல அவகிட்ட என்னா இருக்குது? கண்ணு ரொம்பிடுச்சி.

அப்போ தினகரன் குரல். "சார், நீங்க இருங்க. அவங்களைப் பேச வேணாம்னு சொல்லுங்க. முன்ன மிதிச்ச மாதிரி இன்னொரு தபா மிதிக்கச் சொல்லுங்க."

அவ மிதிச்சா. காலு எறங்க எறங்க செட்டு டொக்கு டொக்குன்னு அந்தாண்ட போச்சு. வலது காலு இழுத்து ஊணும், எடது காலு தொட்டும் தொடாம வந்துடும். பத்து வயசுல கெணத்தடியில உழுந்து எடது முட்டி போனதுலேர்ந்து அவ அப்பிடித்தான் நெய்யறா. இதே தறியில பக்கத்துல உக்காந்து சேலைக் கரைக்கு நாடா தள்ளிக் குடுத்தவன் தினகரன். சின்னப் பையன், நெசவைப் பாக்க மாட்டான். கண்ண மூடிக்கினு அக்கா கால் சத்தத்தைக் கேட்டே சரியாத் தள்ளுவான்.

பத்துப் பன்னெண்டு மிதி ஆச்சு. நிறுத்தினா. ஸ்விட்ச்சுலேர்ந்து காலை எடுத்தா.

"முட்டி இன்னும் சரியாவலியாக்கா?"

அவ நாடாவைத் தறியில நீட்டிக் கட்டின பாவு மேல வச்சா. அவன் அந்தாண்ட ஸ்விட்ச்சுலேர்ந்து காலை எடுக்கல, இல்ல, கையை எடுக்கல. பின்னாடி எங்கியோ ஒரு சைக்கிள் மணி அடிக்குது, நாக்பூர் சைக்கிளு.

"அம்மா மொகம் எப்பிடிக்கா இருந்துச்சி?"

டொக்குன்னு அவன் பக்கம் நின்னுச்சி. இனிமே அவ மொறை.

அம்சவேணி எடது காலைத் தூக்கி மிதி மேலேர்ந்து தள்ளி மண்ணுல வச்சிக்கினா. வலது காலை மெதுவா ஸ்விட்ச்சு மேல ஊணினா. செவப்பு லைட்டு எரிஞ்சிது, அணையாம எரிஞ்சிது. அரக்குப் பாவுல ஒவ்வொரு இழை மேலயும் அந்தச் செவப்பு மெல்லிசா ஓடிக்கினு இருந்துச்சி. பேசறதுக்கு முன்ன ஒரு மூச்சு உடணும். அவ அந்த மூச்சை உட்டுக்கினு இருந்தா.