கூரைக் கம்பி

ஒசாகாவில் ரிட்சுகோ குடியிருக்கும் அடுக்குமாடியில் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையை அல்ல, உயரத்தை. வண்டிகளைச் சாமான் அலமாரி மாதிரி தட்டுத்தட்டாக அடுக்கி வைக்கும் எந்திரம் ஒன்று கீழே இருக்கிறது. நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டிய வண்டியை அது சேர்க்காது. நிறுத்த இடம் காட்டாதவருக்கு அந்த ஊரில் நம்பர் பிளேட்டும் கிடையாது.

குள்ளமான காராக வாங்கித் தொலைக்கலாம் என்றால் புருஷன் இவாவோவின் இடுப்பு ஒத்துக்கொள்ளாது. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாள், டாக்சியிலிருந்து எழ முடியாமல் தவித்தவரை ஓட்டுநர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தெருவே பார்த்தது. அன்றோடு மனுஷன் வீட்டுக்குள் முடங்கிவிட்டார். காரே ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியும் அசையவில்லை. கலகலவென்று இருந்தவர் தொலைக்காட்சி முன் சிலையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க ரிட்சுகோவுக்குப் பொறுக்கவில்லை. அவரை மறுபடி வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

அதற்குத்தான் கிராஸ்ஓவர் என்கிற ரகத்தில் ஒரு சின்ன கார். இருக்கை உயரம், கூரை தாழ்வு, விலையும் கைக்கு எட்டும்.

"நீயே போய்ப் பார்த்துட்டு வா," என்றார் இவாவோ.

"ஓட்டப்போறது நான்தான். ஆனா இடுப்பு உங்களோடதாச்சே. கிளம்புங்க."

கடை கடையாக இழுத்துப்போய், ஒவ்வொரு வண்டியிலும் உட்காரவைத்து எழவைத்தாள்.

"இது எப்படி இருக்கு?"

"எதுவா இருந்தா என்ன."

"உங்களப் போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

நாலாவது கடையின் வாசலில் நின்ற சிவப்பு வண்டி அவளுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. விற்பனையாளர் நிஷிதானி குழைந்து குழைந்து பேசினார். ரிட்சுகோ கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்தேவிட்டாள்.

"மேல கம்பி இருக்கே, அதோட சேர்த்து எவ்வளவு உயரம்?"

கேட்டது வண்டிக்குள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த இவாவோ. நிஷிதானியின் முகம் சுருங்கியது.

"கம்பியோட நூத்தி ஐம்பத்தெட்டு, சார். கம்பி இல்லாத மாடல் இருக்கு. அது சரியா நூத்தி ஐம்பத்தஞ்சு."

நல்லவேளை, முத்திரை குத்தவில்லை. ரிட்சுகோ அசடு வழிந்தாள். ஆனாலும் பேரத்துக்குப் பேர்போன ஒசாகாக்காரி, அதையும் விடவில்லை.

"கம்பி இல்லேன்னா விலையும் குறையணுமே, தம்பி?"

"அது ஏற்கனவே குறைச்ச விலைதான், மேடம்."

"உங்க கணக்குல குறைச்சல். எங்க கணக்குல இன்னும் குறையல."

இப்படி இழுபறி நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பினால் இடப்பக்க இருக்கை காலி. விழுந்துவிட்டாரோ என்று ரிட்சுகோ வண்டியை நோக்கி ஓடினாள்.

இவாவோ ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். தானே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, தானே ஏறியிருக்கிறார்.

"ஓட்டிப் பார்க்கலாம்ல?"

"தாராளமா, சார்."

"அப்ப நீங்க முன்னால வாங்க. ரிட்சுகோ, நீ பின்னால ஏறு."

வண்டி மெல்ல நகர்ந்து பெரிய சாலையில் கலந்தது. "அடுத்த சிக்னல்ல வலது பக்கம் திரும்பினா கடைக்கே வந்துரலாம், சார்," என்றார் நிஷிதானி.

சிக்னல் வந்தது. இவாவோ நேராகவே போனார். நிஷிதானி பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

ரிட்சுகோ சிரித்தபடி பின் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"விடுங்க, தம்பி," என்றாள். "அவர் எங்க போறாரோ போகட்டும்."