கைப்பிடி எந்தப் பக்கம்

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை றிபாஸின் உம்மா கைகழுவக் குசினிக்குள் போய்த் தண்ணீர் டெப்பைத் திருகினார். கைப்பிடி கழன்று அவருடைய கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் முந்தானையுமாக, களவெடுத்துப் பிடிபட்டவரைப் போல அவர் நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் உள்ளுக்கு அமத்தி அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். வெளியில் இருந்து வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

"பரவாயில்ல தங்கச்சி, பழசாப் போனா எல்லாம் அப்புடித்தான்," என்று அவர் சிரித்தார். டெப்பைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர்கள் வேன் ஏறிப் போனதும் என் கணவர் பதியுதீன் சொன்னது ஒரே வார்த்தைதான். "புதுசு ஒண்டு பூட்டிருவம், கமீலா. நீயே போய் எடு."

எங்கள் பகுதியில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் அவளுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் வீட்டு வளவுக்குள்ளேயே பின்னால் ஒதுங்குவார்கள். இந்த வீடு என் உம்மா எனக்குத் தந்தது. அதை நாங்கள் போன மாதம் எங்கள் மகள் அஸ்மியாவின் பெயருக்கு எழுதினோம். எழுதும்போது நான் தயங்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பெண்பிள்ளை பெற்றவள் அதற்கு அன்றைக்கே மனதைத் தயார் செய்துகொள்வாள். பின்வளவில் எங்களுக்கென்று இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டியாயிற்று. குசினி மட்டும் கட்டவில்லை. "அங்க என்னத்துக்கு இன்னொரு குசினி? பொறகு பாப்பம்," என்றார் பதியுதீன். நாவிதன்வெளியில் வயல் செய்கிற மனிதர். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகியவர். 'பொறகு பாப்பம்' என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு முடிவு.

எனக்கு அது முடிவாகத் தெரியவில்லை. கலியாணத்துக்குப் பிறகு நான் எங்கே சமைப்பேன்? மகளுடைய குசினியில் நின்று மருமகனுக்கும் சேர்த்து உலை வைப்பேனா? அல்லது பின்னறைத் தாழ்வாரத்தில் ஒரு காஸ் குக்கரை வைத்துக்கொண்டு நானும் அவருமாகத் தனியாகச் சாப்பிடுவோமா? சில வீடுகளில் ஒன்றாகவே சமைப்பார்கள். சில வீடுகளில் கலியாணம் முடிந்த கையோடு அடுப்பு வேறாகும். இதையெல்லாம் யாரும் கூட்டம் வைத்துப் பேசுவதில்லை, அது தானாக நடக்கும். கேட்டால் கொடுத்ததில் பங்கு கேட்பது போலாகிவிடும். அதனால்தான் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

கல்முனை பஸாரில் அஸ்கியின் ஹாட்வெயார் கடையில் ஒரு சுவர் முழுக்க டெப்புகள். கலியாண மண்டபத்து விளக்குப் போல மின்னிக்கொண்டிருந்தன. ஒரு டெப் என்று கேட்டுப் போன எனக்குத் தலை சுற்றியது.

"ராத்தா, சுவர்ல வாறதா, சிங்குல நிக்கிறதா? கழுத்து சுத்துறதா, சும்மா நிக்கிறதா? சுடுதண்ணி லைன் இரிக்கா?" என்று கேட்டார் அஸ்கி.

மத்தியானத்தில் எங்கள் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வருவதே சுடுதண்ணீர்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இதைவிட நல்ல பகிடிகளை டெப் வாங்க வந்தவர்கள் அவரிடம் சொல்லியிருப்பார்கள் போலும். ஒரு கறுப்பு டெப்பைக் காட்டி, இது இப்போது எல்லோரும் எடுப்பது என்றார். பிறகு அவரே, "ஆனா உங்கட பக்கம் கடல் காத்து, நிறம் நிக்காது," என்று அதைத் தள்ளிவைத்தார். உயரமான ஒன்றில் சோற்றுப் பானையை வைத்துக் கழுவலாம், ஆனால் என் உயரத்துக்குத் தண்ணீர் நெஞ்சில் தெறிக்கும். கட்டையான ஒன்றில் தெறிக்காது, ஆனால் பானை நுழையாது. எதைத் தொட்டாலும் அதற்கு ஓர் 'ஆனால்' இருந்தது. கடைசியில் நடுத்தர உயரத்தில், கழுத்துச் சுற்றுகிற, ஒரு கைப்பிடி மட்டும் உள்ள ஒரு ஸ்டீல் டெப் எனக்குப் பிடித்தது. கைப்பிடியை மேலே தூக்கினால் தண்ணீர் வரும், கீழே அமத்தினால் நிற்கும்.

"இதுல கைப்பிடி ஒரு பக்கமாத்தான் வரும்," என்றார் அஸ்கி. "வலப்பக்கமா இடப்பக்கமாண்டு முதலே நினைச்சு வெச்சிக்கோங்க. பூட்டினாப் பொறகு கழட்டித் திருப்புறது கரச்சல். சிங்குல நிக்கப்போறது யாரு?"

நான் "மகள்" என்றேன். சொன்ன உடனே "நான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டெப்பைப் பார்த்தேன்.

அஸ்மியா இடக்கைக்காரி. சாப்பிடுவதற்கும் சலாம் கொடுப்பதற்கும் வலது கையைப் பழக்கிவிட்டோம். மற்ற எல்லாம் இடதுதான். வெங்காயம் வெட்டுவது, எழுதுவது, கதவு திறப்பது. என் கை வலது. ஆகவே இது டெப் பற்றிய கேள்வியே இல்லை. நான் மனதுக்குள் மூடிவைத்த அதே கேள்வியை இந்த மனிதர் ஸ்டீலில் வார்த்துக் கையில் தந்துவிட்டார்.

படம் எடுத்து அஸ்மியாவுக்கு வட்ஸப்பில் அனுப்பினேன். மருதமுனையில் ஒரு பாலர் பாடசாலையில் அவள் படிப்பிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'உங்கட கைக்கு எது சரியோ அத எடுங்க உம்மா.'

அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உம்மாவுக்குக் கொடுக்கிற மரியாதையா? இனியும் நீங்கள்தான் சமைக்க வேண்டும் என்கிறாளா? நீங்கள் எங்கேயும் போகவேண்டாம் என்கிறாளா? அல்லது பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, அவசரத்தில் எதையாவது தட்டி அனுப்பினாளா? எனக்குச் சந்தோசம் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இரண்டில் எதை வைத்திருப்பது என்று தெரியாமல் டெப்பை மட்டும் வாங்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினேன்.

பின்னேரம் அவள் வந்தபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தேன். "டெப்பு நிறம் பிடிச்சிரிக்கா?" என்று வந்தது.

"ஓம், நல்லம்," என்றாள். பொரித்த துண்டு ஒன்றை எடுத்து ஊதினாள். "உம்மா, றிபாஸ் காலையிலேயே ஒலுவில் கம்பஸுக்குப் போயிருவாராம். நானும் ஏழு மணிக்கெல்லாம் இறங்கணும்."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்ல. சும்மா சொன்னன்."

சும்மா சொல்கிற பிள்ளை இல்லை அவள். ஆனாலும் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மீனைப் புரட்டிப் போட்டேன்.

எனக்குக் கலியாணமான புதிதில் என் உம்மாவும் இப்படித்தான் பின்னால் போனார். அதே வாரத்தில் தனியாக அடுப்பு மூட்டினார். அதன் பிறகு ஒரு பிடி உப்பு வேண்டுமென்றாலும் இந்தக் குசினி வாசலில் நின்று, "மகள், வரட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பார். தான் கட்டிய குசினிக்குள். அது பெருந்தன்மையா, கோபமா, ஒரு முறையா என்று நான் யோசித்ததே இல்லை. வாங்க உம்மா என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பைப் வேலை செய்கிற நளீம் வந்தார். அஸ்மியாவுக்கு அன்றைக்குப் பாடசாலை லீவு. பழைய டெப்பைக் கழற்றிச் சன்னல் விளிம்பில் வைத்தார். அதன் அடியில் கசிவுக்கு நான் சுற்றிவைத்திருந்த துணி இன்னும் ஈரமாக இருந்தது. அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என்னை அவர் கூப்பிட்டார். நான் எழுந்து வந்து குசினி வாசலில் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. வாயில் இருந்து அது தானாக வந்துவிட்டது.

"வரட்டா?"

சிங்குக்குப் பக்கத்தில் நின்ற அஸ்மியா திரும்பிப் பார்த்தாள். "என்ன உம்மா? உங்கட குசினிக்குள்ள வாறதுக்குக் கேக்கிறீங்க?"

நல்ல வேளையாக நளீம் குறுக்கிட்டார். "கைப்பிடி எந்தப் பக்கம் வரணும்?"

"இடப்பக்கம்," என்றேன் நான்.

"வலப்பக்கம்," என்றாள் அஸ்மியா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நளீம் கையிலிருந்த பைப் சாவியைக் கீழே வைத்தார்.

"இனி நீதானே மகள் நிக்கப்போற," என்றேன்.

"நீங்க எங்க போகப்போறீங்க?"

அவள் முகம் சன்னல் பக்கம் இருந்தது. பயந்து கேட்டாளா, சலித்துக் கேட்டாளா என்று குரலில் பிடிபடவில்லை. பின்னுக்கு என்றேன். பின்னுக்குக் குசினி இல்லையே என்றாள். இல்லை என்றேன்.

"எனக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும் ராத்தா," என்றார் நளீம். "முன்னுக்குப் பாத்து வெச்சிர்றன். யார் நிண்டாலும் சரிவரும்." எங்களைக் கேட்காமலே பூட்டத் தொடங்கினார். முடித்ததும் பிரதான தண்ணீர் லைனைத் திறக்க வெளியே போனார்.

கைப்பிடி மேலே தூக்கியபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் டெப் இருமியது. பிறகு தண்ணீர் பாய்ந்து, சிங்கில் அடித்து, எங்கள் இருவருடைய உடுப்பிலும் தெறித்தது. இருவரும் ஒன்றாகக் கையை நீட்டினோம். அவளுடைய இடது கை கைப்பிடியின் மேல் விழுந்தது. என்னுடைய வலது கை அதன் மேல் விழுந்தது. ஈரத்தில் அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. அவள் அமத்துவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடுங்க, தாங்கி காலியாப் போகும்," என்று வெளியில் இருந்து நளீம் சத்தம் போட்டார்.

"ஓம்," என்றோம் இருவரும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.