வேம்புலி மாமாவின் மடக்குப் போன்

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தப் போனைத் திறந்து மூடுவேன். திறக்கும்போது, "பாருங்க சார், புத்தகம் மாதிரி." மூடும்போது, "பாருங்க சார், சட்டைப் பையில அடங்கிடும்." திரையின் நடுவில் தெரிகிற பள்ளத்தைப் பற்றி யாராவது கேட்டால், "யூஸ் பண்ணப் பண்ணக் கண்ணுக்கே தெரியாது சார்." இந்த மூன்று வரியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒன்றுகூட என் வரி இல்லை, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. எனக்கு வாய் நீளம் என்று அம்மா பேபி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நிஜம்தான். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிட்டு அப்புறம் வாங்கிக்கட்டிக்கொள்கிறவள் நான். அப்படிப்பட்ட ஜோதிகாவுக்கு நீல டி-ஷர்ட் மாட்டி, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு செல்போன் ஷோரூமில், மடக்குப் போன் கவுன்ட்டரில் நிறுத்தி வைத்தால் வேறென்ன ஆகும்.

கவுன்ட்டருக்கு மேலே கேமரா. கேமராவுக்குள் மைக். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் ராகவன் சார் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்கிறார் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். அவர் கேட்பது எங்களைத்தான். எனக்கு முன்னால் இந்தக் கவுன்ட்டரில் இருந்தவள் காவ்யா. ஒரு டீச்சரம்மா வந்து மடக்குப் போன் வாங்கலாமா என்று கேட்டதற்கு, "உங்களுக்குச் சாதாரண போனே போதும் மேடம்" என்று சொல்லிவிட்டாள். டீச்சரம்மா சந்தோஷமாகச் சாதாரண போனை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காவ்யாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் டிபன் பாக்ஸ் இன்னும் சாப்பாட்டு அலமாரியில் என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் போடவும் இல்லை, கொண்டு போய்க் கொடுக்கவும் இல்லை.

மடக்குப் போன் மோசமான சாமான் என்று நான் சொல்லமாட்டேன். ஏசி ஆபீஸில் உட்கார்ந்து ஏசி காரில் வீட்டுக்குப் போகிறவருக்கு அது நல்லதுதான். ஒரு பக்கம் மெயில், ஒரு பக்கம் மீட்டிங் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெயில், தூசி, வேர்வை, மழை என்று அலைகிறவருக்கு அது ஆகவே ஆகாது. உள்திரை பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், அழுத்தி நகம் பட்டால் தடம் விழும். கீழே போட்டு எடுத்து, தொடையில் துடைத்துவிட்டுப் பேசுகிற ஆட்களுக்குத் தட்டையான பழைய மாதிரி போன்தான் சரி. இதை நான் மைக்குக்குக் கீழே நின்று எப்படிச் சொல்வது?

நான் சேர்ந்து இரண்டு மாதமாகியும் மடக்குப் போன் ஒன்றுகூடப் போகவில்லை. ராகவன் சார் கத்தமாட்டார், திட்டமாட்டார். கூப்பிட்டு உட்கார வைத்து, ஆயுத பூஜைக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் கவுன்ட்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார். பாடியில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். வீட்டுக்கு வந்து, விற்ற போன் ரிப்பேருக்கு வந்தால் அதையும் விற்றவள் பேரில்தான் எழுதிக்கொள்வார்கள் என்பது வரைக்கும் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா வயிற்றில் எதுவும் தங்காது. மூன்று தெரு தள்ளியிருக்கிற தம்பியிடம் அப்படியே போய்ச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தம்பிதான் என் மாமா வேம்புலி. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருஷமாகக் கிட்டப் பார்வை போய்விட்டது. போனைக் கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்து மேப் பார்ப்பார். அயப்பாக்கம் போக வேண்டிய சவாரியை ஆவடி வரைக்கும் கூட்டிப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறார். ஒரு கண்ணாடி போட்டுக்கொள் மாமா என்று சொன்னால், ஸ்டாண்டில் கெயவன் ஆயிட்டான் என்று கலாய்ப்பார்கள் என்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மாமா கடைக்குள் வந்தார். காக்கிச் சட்டை இல்லை. கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னா ஜோதி, அந்த மடக்குற போனைக் கொஞ்சம் காட்டு."

"வாங்க சார்" என்றேன். பிறந்ததிலிருந்து அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நான் திறந்தேன், மூடினேன், புத்தகம் என்றேன், சட்டைப் பை என்றேன். மாமா போனைக் கையில் வாங்கி, கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஆட்டோக்காரனுக்கு இது சரிப்படுமா? வாங்கலாமா வாணாமா? நீ சொல்றதுதான்."

வேண்டாம் மாமா, உனக்குத் தேவை மூக்குக் கண்ணாடி, உன் பழைய போனே இன்னும் மூணு வருஷம் ஓடும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. கண்ணாடி அறையில் ராகவன் சார் தலை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மேப் பெருசா தெரியும் சார்."

"அப்போ போடு பில்ல."

தவணைப் பேப்பரில் அவர் கையெழுத்துப் போடும்போது, பேனா எடுத்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்து, வேண்டாம் மாமா, இப்பவும் எழுந்து போயிடு என்று முணுமுணுத்தேன். மாமா தலை நிமிரவில்லை.

"ஒன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது. கம்முனு கெட."

அட்டைப்பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, செய்யக்கூடாததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தண்ணி படக்கூடாது, மணல் ஆகாது, சாவியோடு சில்லறையோடு ஒரே பையில் போடக்கூடாது, உள்திரையில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பிய்க்கக்கூடாது. எல்லாம் கம்பெனி பேப்பரில் அச்சடித்திருந்ததுதான். மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே என் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார்கள். 'இம்மாத நட்சத்திரம்.' ஆட்டோக்காரருக்கே மடக்குப் போன் விற்றவளுக்கு மூன்று விற்பதா கஷ்டம் என்று சொல்லி, தீபாவளிக்குள் மூன்று என்று ராகவன் சார் எழுதிக் கொடுத்தார். என் போட்டோவுக்குக் கீழேதான் சாப்பாட்டு அலமாரி. தினமும் டிபன் பாக்ஸ் எடுக்கப் போகும்போது நானே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். எரிச்சலாக வரும்.

மாமா அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வரவில்லை. வந்தாலும் போன் பேச்சு எடுத்தால், "சூப்பரா கீது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். தவணை கட்ட நேரம் காலம் பார்க்காமல் ஓட்டுகிறார் போல என்று அம்மா சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் நல்ல மழை. பஸ் வரவில்லை. அம்மா போன் பண்ணியதும் மாமா ஆட்டோவோடு வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, அவர் மூக்கில் ஒரு கண்ணாடி. நாலாவது தெருக் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் பிரேம். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கெயவன் ஆயிட்டியா என்று கிண்டலடித்தேன். மாமாவும் சிரித்தார். அப்புறம்தான் பார்த்தேன், ஹேண்டில்பாரில் போன் மூடியபடியே இருக்கிறது. வெளிப்பக்கத்துச் சின்னத் திரையில்தான் மேப் ஓடுகிறது. அவ்வளவு பெரிய திரையை உள்ளே வைத்துக்கொண்டு, எதற்கு இந்த மனுஷன் கண்ணாடி போட்டுக்கொண்டு சின்னத் திரையை உற்றுப் பார்க்கிறார்?

சி.டி.எச். ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றதும் கையை நீட்டிப் போனை எடுத்தேன். வேண்டாம் ஜோதி என்று மாமா சொல்லி முடிப்பதற்குள் திறந்துவிட்டேன்.

வலப்பக்கம் முழுக்கக் கறுப்பு. இடப்பக்கத்தில் பச்சைப் பச்சையாகக் கோடுகள். நடுவில் மடிகிற இடத்தில், ஒரு அரிசி நீளத்துக்குக் குழி. அதன் ஓரத்தில் மஞ்சள் கறை. அந்தப் போனை ஆயிரம் தடவை திறந்து மூடியவள் நான். என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டேன். மாமா முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆயுத பூஜை அன்று ஆட்டோவைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மூணு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. மாமா பெண்டாட்டி பொன்னியம்மா அத்தைதான் போனையும் பூஜையில் வைக்கச் சொன்னாள். அதுவும்தானே சோறு போடுகிறது என்றாள். மூடி வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று திறந்தே வைத்தார்கள். சந்தனத்தைக்கூடப் பின்பக்கம்தான் வைத்தாராம், திரையில் ஈரம் படக்கூடாது என்று நான் சொன்னது ஞாபகம் வைத்து. அத்தை சூடம் காட்டி, வண்டிமேலும் போன்மேலும் ஒரு கை அட்சதை போட்டாள். சவாரி வந்துவிட்டது. மாமா போனை உதறி, துணியால் துடைத்து, மூடினார்.

"அப்பளம் ஒடையற மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான்."

வாங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனிப் பேப்பரை எழுதினவன் வீட்டில் ஆயுத பூஜை உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் உண்டு. வருஷா வருஷம் அம்மா தையல் மிஷின்மேல் அட்சதை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? சாவி, சில்லறை, மணல் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேனே தவிர, நாளைக்குப் பூஜையில் வைக்காதே மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஏன் கடைக்கு எடுத்து வரவில்லை என்று சிக்னல் விழுந்தது கூடத் தெரியாமல் கத்தினேன்.

"நீதான சொன்ன, வித்த போன் ரிப்பேருக்கு வந்தா வித்தவ பேர்ல எழுதிக்குவாங்கன்னு. அத வுடு. கண்ணாடி போட்டா இதுவே நல்லாத்தான் தெரியுது."

கடை வாசலில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. ராகவன் சார் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே என் கவுன்ட்டரில் ஒரு புருஷன் பெண்டாட்டி காத்திருந்தார்கள். திருமுருகன், நிவேதிதா என்று பில்லில் பிறகுதான் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், கொரட்டூர் ஏரிக்கரை ஓரமாகப் புது ஃபிளாட். அவருக்கு மடக்குப் போன்மேல் ஆசை. அந்தப் பெண்ணுக்கு மனசு ஒப்பவில்லை. தினமும் மடக்கினால் உடையாதா, சாதாரண போனே போதாதா என்று அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். ராகவன் சார் ஆட்டோவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் வாசலுக்கே கூட்டி வந்துவிட்டார். நாங்கள் சொன்னால் வியாபாரப் பேச்சு என்பீர்கள், இதோ நம் கஸ்டமர், ஆட்டோ ஓட்டுகிறவர், ரோடு இருக்கிற லட்சணத்துக்கு இவர் போன் தாங்குகிறதென்றால் உங்கள் போனுக்கு என்ன ஆகும், இவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

மாமா அதற்குள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

"நெசமாவே நல்லா இருக்கா அண்ணாச்சி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். வாசலில் மைக் இல்லை. மூன்றே மூன்று வார்த்தை சொன்னால் போதும். அந்தப் போன் அவர் கையில்தான் இருக்கிறது, பிடுங்கித் திறந்து காட்டினால் வார்த்தைகூட வேண்டாம். நானோ நீல டி-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"சூப்பரா கீதுமா. ஆட்டோ குலுங்குற குலுங்கலுக்குக்கூட ஒண்ணும் ஆவல."

திறந்து காட்டச் சொன்னாள். சார்ஜ் கம்மியாக இருக்கிறது, சவாரி வந்துவிடும் என்று மாமா ஆட்டோவைக் கிளப்பிவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண் என்னிடம், சொந்தக்காரங்களா என்று கேட்டாள். மாமா என்றேன். மாமாவே வைத்திருக்கிறார் என்றால் அப்புறம் என்ன என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பில் போட்டாயிற்று. பெட்டியைக் கட்டினேன். தண்ணி, மணல், சாவி, சில்லறை எல்லாம் சொன்னேன். மைக்குக்குக் கீழே நான் சொல்ல முடிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"சார், உள்ள ஒரு அரிசிகூடப் போகக்கூடாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "போனுக்குள்ள அரிசி எப்படிம்மா போகும்?"

"போகும் சார்" என்றேன்.

அவர் அதற்கும் சிரித்துவிட்டு, பெட்டியை மனைவி கையில் கொடுத்துக் கதவைத் திறந்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ராகவன் சார் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு.