எழுபத்திரண்டு கிலோ

தமிழ்ப் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சூசைரட்ணம் குசினி மேசையில் பந்தயப் பட்டியலை விரித்தார். பன்னிரண்டு குதிரைகள், நாலாயிரத்து இருநூறு மீற்றர், பதினாறு தடைகள். பிற்பகல் மூன்றரைக்கு ஓட்டம். நாலு நாளாகப் பெய்த மழை விட்டிருந்தது. நோர்வேயில் ரொம்மன் என்ற புறநகரின் ஐந்தாம் மாடி வீட்டு யன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடம் நனைந்து கறுத்து நின்றது.

தாளை இடது கையால்தான் விரித்தார். வலது தோள் விடியற்காலையிலிருந்தே சொல்வழி கேட்கவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு நாவ் அலுவலகத்தில் சந்திப்பு. வேலையில்லாதவர், வேலை செய்ய முடியாதவர் எல்லோருடைய கோப்பும் அங்கேதான் போய்ச் சேரும். ஓட்டல்களின் ஈரத் துணியை இருபத்தேழு வருடம் தூக்கிய உடம்பு இனி அரைநாள் வேலைக்குத்தான் தாங்கும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அலுவலகம் அதை ஏற்றால் மற்ற அரைநாளுக்குக் கொடுப்பனவு வரும். ஏற்காவிட்டால் சலவைக்கூடத்தில் மறுபடி முழுநாள், அறுபத்தேழு வயதுவரை. இன்னும் ஒன்பது வருடம். அந்த ஒன்பதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் அவர் பட்டியலில் கண்ணை வைத்திருந்தார்.

எலியாஸ் வந்து எதிரில் அமர்ந்தான். மன்னார்க்காரன், பேருந்து ஓட்டுகிறவன், அவரைவிட ஆறு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு ஓட்டத்தில் சிறு தொகை கட்டுவார்கள். தெரிவு சூசைரட்ணத்தின் பொறுப்பு, சாளரத்தில் போய்க் கட்டுவது எலியாஸின் பொறுப்பு. பதினைந்து வருடமாக அப்படித்தான்.

சூசைரட்ணம் வெல்லப்போகிற குதிரையைத் தேடுவதில்லை. முடியாத குதிரைகளை முதலில் வெட்டுவார். நாலாம் இலக்கம் முன்னுக்கு ஓடிப் பழகியது, காய்ந்த தரையில் காற்றாய்ப் பறக்கும், இந்தச் சேற்றில் பாதி வழியில் நின்றுவிடும். வெட்டு. ஒன்பதாம் இலக்கம் இதுவரை பாய்ந்ததெல்லாம் சிறு தடைகள். வெட்டு. பதினோராம் இலக்கம் இந்த வருடம் இரண்டு தரம் விழுந்திருந்தது. பாயத் தெரியாத குதிரை என்றான் எலியாஸ். சூசைரட்ணம் பழைய பட்டியல்களை எடுத்துக் காட்டினார். இரண்டு தரமும் விழுந்தது பதின்மூன்றாவது தடையில். முதல் பன்னிரண்டையும் சுத்தமாகப் பாய்ந்திருக்கிறது. அது பாயத் தெரியாத குதிரை இல்லை, களைத்த குதிரை. காரணம் வேறு, ஆனால் வெட்டு வெட்டுத்தான்.

கடைசியில் மூன்று மிஞ்சின. ஃப்ரெய்டிஸ் என்ற பெட்டைக் குதிரை, எந்த ஓட்டத்திலும் மூன்றாவதாக வருவது. நத்ரேவ், இந்தக் கோடையில் மூன்று ஓட்டத்திலும் பின்னுக்கு அமைதியாக ஓடி முடித்தது, முதுகில் அறுபத்திரண்டு கிலோதான். பிறகு யார்ல். பதினொரு வயது, இந்த வருடம் மட்டும் மூன்று வெற்றி. அதற்கு எழுபத்திரண்டு கிலோ.

“மூண்டு தரம் வெண்டது. அதிலை கட்டிப்போட்டுப் போவம் அண்ணை,” என்றான் எலியாஸ். எப்போதும் இப்படித்தான் சொல்வான்.

“இது பாரம் ஏத்தி ஓடுற ஓட்டமடா. எல்லாம் ஒண்டாய் வந்து சேரவேணும் எண்டுதான் பாரமே வைக்கிறது. வெண்டதுக்குக் கூட, தோத்ததுக்குக் குறைய. ஒவ்வொருக்கா வெல்லேக்கையும் அடுத்தமுறை ரெண்டு கிலோ மூண்டு கிலோ ஏறும். யார்ல் எண்டைக்காவது மெல்லமா ஓடியிருக்கோ? இல்லை. அதுதான் எழுபத்திரண்டு.”

“அப்ப நத்ரேவ்?”

“அது பின்னுக்கு ஓடிக் கொண்டு, தனக்கு ஏலாது ஏலாது எண்டு காட்டினது. பாரமும் இறங்கிட்டுது. இண்டைக்குப் பார், ஆகத் திறமான ஜொக்கியைப் போட்டிருக்கினம். சும்மாவே போட்டவை?”

எலியாஸ் தேத்தண்ணிக்குப் பால் எடுக்க எழுந்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மடுமாதா படம் போட்ட காந்தத்தின் கீழ் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. போன குளிர்காலத்தில் அலுவலகம் அவரை மூன்று மாதம் ஒரு கடையின் களஞ்சியத்துக்குப் பரீட்சார்த்தமாக அனுப்பியிருந்தது. இலகுவான வேலையில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பார்ப்பதற்கு. முடிவில் அங்கிருந்த மேற்பார்வையாளர் எழுதிய கடிதம் அது. மிகவும் உழைப்பாளி, மற்றவர்களுக்கு முன்பே பெட்டிகளை அடுக்கி முடிப்பார், ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை. எலியாஸ் பால் பக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தான்.

“இதை நாவுக்கும் குடுத்தனீங்களோ?”

“நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். நல்லாத்தானே எழுதிக் கிடக்கு.”

எலியாஸ் பாலை ஊற்றிக் கலக்கி அவர் முன் வைத்தான்.

“அப்ப நாளைக்கு உங்களுக்கு எத்தினை கிலோ வைக்கப்போகினமோ தெரியேல்லை,” என்றான்.

பகிடியாகத்தான் சொன்னான். சூசைரட்ணம் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து ஃப்ரெய்டிஸையும் வெட்டினார். வெல்லத் தெரியாத குதிரை என்றார். யார்லை வெட்டப் போன பேனை நின்றது. அதை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று தாளை மடித்தார்.

பந்தயத் திடலுக்குச் சுரங்க ரயிலில் நகரத்தின் அடுத்த பக்கம்வரை போய், நடுவில் ஒருமுறை மாறி ஏறவேண்டும். வழியில் மகள் யூலியா அழைத்தாள். திராமன் நகரில் மருந்தாளர். நாளைக்கு விடுப்பு எடுத்திருப்பதாகவும் ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் நிற்பதாகவும் சொன்னாள். வசந்தகாலச் சந்திப்புக்கும் அவள் வந்திருந்தாள். அன்று நாவ் அலுவலர் தோளைப் பற்றிக் கேட்டபோதும், இடுப்பைப் பற்றிக் கேட்டபோதும், நித்திரையைப் பற்றிக் கேட்டபோதும் இவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். டெ கோர் பிரா. பரவாயில்லை, நல்லாப் போகுது. யூலியா எண்ணி வைத்திருந்தாள், மூன்று தரம்.

“அப்பா, நாளைக்கு அந்த வசனத்தை மட்டும் சொல்லாதேங்கோ. ஆகக் கூடாத நாளிலை எப்பிடி இருக்கிறியளோ, அதைச் சொல்லுங்கோ. ப்ளீஸ்.”

ஓம் என்றார். ஆகக் கூடாத நாட்கள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதபடி அவர் பார்த்துக்கொண்டார். நேசமணிக்கு மட்டும்தான் தெரியும். மனைவியிடம் எதையும் ஒளிக்கும் அளவுக்கு அந்த வீடு பெரிதில்லை.

ஓட்டத்துக்கு முன்பு குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சனம் நின்றது. யார்ல் கழுத்தை வளைத்து, காலை அளந்து வைத்து நடந்தது. பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். எலியாஸ்கூட விலாவில் இடித்தான். சூசைரட்ணம் அந்த இடத்தை விட்டுக் கூட்டமில்லாத மூலைக்கு நடந்தார். அங்கே ஒரு பேர்ச் மரம் நின்றது. நடத்திவந்த பெண் சேணப் பட்டியைச் சரிசெய்வதற்காகக் குதிரையை அந்த மரத்தடியில் நிறுத்தினாள். நின்ற உடனே யார்ல் வலது முன்காலைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டி, பாரம் கொடுக்காமல், நுனியை மட்டும் புல்லில் ஊன்றி வைத்தது. தலையும் இறங்கியது. அரை நிமிடம்தான். அவள் கயிற்றை இழுத்ததும் கழுத்து மறுபடி வளைந்தது, கால் மறுபடி அளந்து விழுந்தது.

சலவைக்கூடத்தில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற ஒரு மூலை உண்டு. கமராவும் இல்லை, ஆளும் வராது. முழுநாள் வேலை செய்த காலத்தில் சூசைரட்ணம் தினமும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அங்கே சுவரில் சாய்ந்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“யார்லை வெட்டு,” என்றார் எலியாஸிடம் திரும்பி வந்து. “நத்ரேவிலை கட்டு.”

ஓட்டம் தொடங்கியதும் யார்ல்தான் முன்னுக்கு வந்தது. சேறு தெறிக்கத் தெறிக்க, எழுபத்திரண்டு கிலோவோடு ஒவ்வொரு தடையையும் குறை சொல்ல முடியாதபடி பாய்ந்தது. பத்தாவது தடைவரைக்கும் எலியாஸ் இவரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான். பதின்மூன்றாவதைப் பாய்ந்து இறங்கியபோது கால் கொஞ்சம் பிந்தி விழுந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதுகில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடிவாளத்தை இழுத்தான், ஓரத்துக்கு விட்டான், நிறுத்தினான். மற்றக் குதிரைகள் கடந்து போயின. அவன் இறங்கி, கழுத்தைத் தட்டிக் கொடுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நடக்கத் தொடங்கினான்.

முடிவுக் கம்பத்தில் நத்ரேவை ஒரு தலை வித்தியாசத்தில் பிடித்து முந்தியது ஃப்ரெய்டிஸ்.

“பதினொண்டை வெட்டினதிலை பத்து சரி அண்ணை,” என்றான் எலியாஸ். “அந்த ஒண்டுதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டுது.”

சூசைரட்ணத்துக்கு அது கேட்கவில்லை. திடலின் தூரத்து ஓரத்தில் மனிதனும் குதிரையும் மெல்ல நடந்து வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கூச்சலிடவில்லை, யாரும் ஏளனம் செய்யவில்லை. பலகையில் யார்லின் பெயருக்கு எதிரே ‘நிறுத்தியது’ என்ற ஒரு சொல் விழுந்தது. விழுந்த குதிரைக்கு வேறு சொல், கடைசியாக வந்ததற்கு வேறு சொல் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடமாக அந்தச் சொல்லை வைத்துக் குதிரைகளை வெட்டியிருக்கிறார். அன்றைக்குத்தான் அதை ஒருவர் எடுக்கிற முடிவாகப் பார்த்தார்.

மறுநாள் காலை அலுவலர் அறைக்கு வந்து கைகொடுத்தார். கண்ணாடி போட்ட இளம் பெண், வசந்தகாலத்தில் இருந்தவர் இல்லை, வேறு ஆள். காகிதக் கோப்பைகளில் தண்ணீர் வைத்துவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“டெ கோர் பிரா,” என்றார் சூசைரட்ணம்.

யூலியா கண்ணை மூடித் திறந்தாள்.

அலுவலர் கோப்பைத் திறந்து, களஞ்சியத்தின் கடிதத்தை மேலே வைத்தார். உங்களைப் பற்றி மிக நல்லபடி எழுதியிருக்கிறார்கள் என்றார். அந்த நிலையிலும் அதைக் கேட்கச் சூசைரட்ணத்துக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு நன்றி சொன்னால் போதும், கோப்பு மூடப்படும். பிறகு ஒன்பது வருடம்.

“அது உண்மை,” என்றார், சலவைக்கூடத்தில் பழகிய நோர்வேஜிய மொழியில். “நான் மற்றவர்களுக்கு முதல் முடித்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன். கை எழும்பவில்லை. வெள்ளிக்கிழமை முடிந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் படுக்கை. களஞ்சியத்தில் யாருக்கும் தெரியாது. அவர்கள் பார்க்கிற நேரத்தில் நான் நன்றாக நடந்தேன்.”

அலுவலர் தலையை நிமிர்த்தினார். வீட்டில் எந்த வேலையைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்று கேட்டார்.

மகளின் பக்கம் திரும்பாமல், மேசையில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சட்டைக்குப் பொத்தான் போட முடியாது. இரண்டு வருடமாக மனைவிதான் போட்டுவிடுகிறாள். தலையும் அவள்தான் வாரிவிடுகிறாள்.”

“இன்றைக்கும்?”

“இன்றைக்கும்.”

யூலியாவின் பார்வை அவருடைய கழுத்துப் பட்டியில் வந்து நின்றது. மேல் பொத்தான்வரை ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அவள் கதிரையை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள்.

அலுவலர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு விசைப்பலகையை முன்னுக்கு இழுத்தார். முடிவு இன்று வராது, வேறு ஆட்களும் பார்க்கவேண்டும் என்றார். இப்போது சொன்னதை மட்டும் முதலிலிருந்து, மெதுவாகச் சொல்லச் சொன்னார். ஒன்றும் விடாமல் எழுதவேண்டுமாம்.

சூசைரட்ணம் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார், எல்லோரும் பார்க்க. பிறகு களஞ்சியத்தின் முதல் நாளிலிருந்து தொடங்கினார்.