பேராயரின் கீழுதடு

பக்கத்து அறையில் அப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் பட்டறையில், படம் அச்சிடுவதற்கான செப்புத் தகட்டின் மேல் குனிந்து, பேராயரின் கீழுதட்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொணத்த வெச்சுக்கிட்டு இப்ப இது தேவையா?" என்றாள் அத்தை.

"பாதியில விட்டா வேற ஆள் முடிப்பான் அத்தை. அடியில அவன் பேரு வரும்."

"அந்த மனுசன் மூஞ்சிய செதுக்க எங்கண்ணன் ஏன்தான் ஒத்துக்கிட்டானோ."

மகளுக்கும் அது புரிந்ததில்லை. பேராயர் சாதாரணப் பங்குச் சாமியாராக இருந்தபோது, கோயிலுக்கு வெளியே, பதிவாளர் முன் கல்யாணம் செய்தவள் என்று அம்மாவுக்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மறுத்தவர். அம்மா பொது இடுகாட்டில் கிடக்கிறாள். அப்பாவோ அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் வஞ்சனையில்லாமல் செதுக்கியிருந்தார். வாயை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நேற்று, உளியைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார்.

தகட்டை வாங்கிப்போகப் பேராயரின் செயலரான இளம் பாதிரியார் வந்தார்; வாசலில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே போய் ஃபோன் பேசிவிட்டு வந்தார்.

"பேராயர்கிட்ட சொன்னேம்மா. அப்பாவுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துலயே இடம் குடுக்கச் சொல்லிட்டார்."

அத்தையின் முகம் தெளிந்தது. மகள் நிமிரவில்லை.

"அங்க அம்மா இல்லையே ஃபாதர்."

"அவரே மனசு வெச்சு..."

"சந்தோஷம்னு சொல்லுங்க. அப்பா அம்மாகிட்டதான் போறாரு."

அத்தை பக்கத்து அறைக்குப் போனாள்.

உதட்டோரத்தை மயிரிழை கீழே இழுத்தால் போதும். பார்க்கிற எவருக்கும் அந்த முகம் பிடிக்காமல் போய்விடும். உளி அந்த இடத்தில் சற்று நின்றது. பிறகு, எதிரே இருந்த புகைப்படத்தில் உள்ளபடியே, களைத்துப்போன ஒரு கிழவரின் வாயாக அதை முடித்தாள். அடியில் அப்பாவின் பெயரை, அச்சில் நேராக விழும்படி, இடவலம் மாற்றி வெட்டினாள். மை தடவி, தாளில் ஒரு பிரதி எடுத்தாள்.

"மை காயல ஃபாதர். சுருட்டக் கூடாது."

"இங்கயே வெச்சுட்டுப் போகட்டுமா?"

"வீட்டப் பூட்டப் போறோம்."

பாதிரியார் தகட்டைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, அச்செடுத்த படத்தை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நின்றார். சவப்பெட்டியின் முன்பக்கத்துக்கு மகள் தோள் கொடுத்தாள். தெருமுனையில் பாதிரியார் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாள். பின்னால் காலடிச் சத்தம் தொடர்ந்தது.

பொது இடுகாட்டு வாசலில் காற்று பலமாக அடித்தது. பேராயரின் முகம் பதிந்த காகிதம் மடங்காதிருக்க, பாதிரியார் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.