இன்று இரண்டு மணியிலிருந்து தெரியும்

சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தச் சொல்லை வைத்துத்தான் எனக்குச் சம்பளம் என்பது அந்த எரிச்சலை இன்னும் கூட்டியது.

வெள்ளவத்தையில் ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்திருந்தது. கொட்டாஞ்சேனை மிஸ் யூஜினாவின் நாற்பது வருடச் சமாதானப் பணியை ஒரு புத்தகமாகவும் ஒரு சின்னப் படமாகவும் ஆக்க வேண்டும். நிறுவனத்தில் எல்லோரும் அதை 'லெகசி' என்றார்கள். நான் மட்டக்குளித் தொடர்மாடியில் பிறந்தவள். அப்பா பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். லெகசி என்று சொல்ல எங்கள் வீட்டில் அப்பாவின் முதுகுவலியைத் தவிர வேறொன்றும் இல்லை.

மிஸ் யூஜினாவுக்கு எண்பத்துநான்கு வயது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டாதவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று இனக்கலவரத்தோடு வீதியில் இறங்கியவர், பிறகு வீட்டுக்குள் போகவே இல்லை. அவர் ஊர்வலம் போகப் போகச் சண்டை வளர்ந்தது. சண்டை முடிந்து பத்து வருடத்தில் ஈஸ்டர் குண்டு வெடித்தது. இப்போது டிவியைப் போட்டால் எந்த நாட்டிலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். இதில் இந்த மனுசி என்னத்தைச் சாதித்தார் என்று முந்நூறு பக்கம் எழுதுவது? முதல் கிழமையின் எல்லா நாளும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய படங்களை ஸ்கேன் பண்ணிவிட்டு எழும்பிப் போவேன். அவர் வைத்த தேத்தண்ணி மேசையில் ஆறிக் கிடக்கும். மறுநாளும் வைப்பார்.

மிஸ் ஒரு சமாதான நீதவான். அரசாங்கம் கொடுத்த பட்டம். பிறப்புச் சான்றிதழின் பிரதியில் முத்திரை குத்தலாம், நற்சான்றுக் கடிதம் கொடுக்கலாம். ஆட்கள் கேற்றில் நின்று, "மிஸ், ஒரு சமாதானம் அடிச்சுத் தாங்க" என்பார்கள். அவர் போன ஊர்வலங்கள் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் சமாதானம் என்றால் அந்த ரப்பர் முத்திரைதான்.

பிரதி என்றால் உடனே அடித்துக் கொடுப்பார். நற்சான்றுக் கடிதம் என்றால் கஷ்டம். மற்ற நீதவான்கள் எல்லோரும் ஒரே வசனத்தை எழுதுவார்கள்: 'இவரைப் பத்து வருடங்களாகத் தனிப்பட்ட முறையில் அறிவேன்.' ஆளை அன்றைக்குத்தான் கண்டிருப்பார்கள். மிஸ் அப்படி எழுத மாட்டார். கேட்டு வந்தவரின் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் பேனையைத் தொடுவார். அவருக்கு நீரிழிவு. போகிற வீட்டில் எல்லாம் சீனி மூன்று கரண்டி போடச் சொல்வார். சமாதானம் என்பதே இந்த மனுசி களவாகச் சீனி தின்னக் கண்டுபிடித்த வழியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

பதினோராவது கிழமை, வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை பம்பலப்பிட்டி மண்டபத்தில் மிஸ்ஸுக்கு விருது விழா. வெளிநாட்டுத் தூதுவர்கள் வருகிறார்கள். அதற்கு முன், இந்த வெள்ளி மாலையே வெள்ளவத்தைக் கடற்கரையில் கடைசிப் படப்பிடிப்பு. எங்கள் இயக்குநர் ஜனா இரண்டு வெள்ளைப் புறாக்களை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். மிஸ் அவற்றைப் பறக்கவிட வேண்டும்.

"பறந்து எங்க போகும் புள்ள?" என்று மிஸ் கேட்டார்.

"சொந்தக்காரன்ட கூட்டுக்குத்தான். பழக்கின புறா மிஸ்."

"அப்ப சரி" என்று புதுச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டார். விருதில் அவருக்கு ஆசை இருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை.

ஒன்றரை மணிக்குக் கேற்றில் ஒரு பெண் வந்து நின்றார். ஸமீமா. பக்கத்துத் தெருத் தொடர்மாடிக்காரர். அழுது முடித்த முகம்.

"மிஸ், என்ட மகன் ஷிப்லிய காலைல பொலிஸ்ல புடிச்சிட்டாங்க. ஃபோன் ரிபெயார் கடைக்குப் போன புள்ள. ஹெல்மட்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டீக்கிறான். அங்க, அந்த நாட்டுல குண்டு போட்டு மௌத்தான புள்ளயளுக்காக. 'போதும்' எண்டு மட்டுந்தான் எழுதீக்கி. அதுக்குப் புடிப்பாங்களா மிஸ்?"

"இப்ப எங்க?"

"ஸ்டேசன்ல. நாலு மணிக்குள்ள நல்லவன் எண்டு ஒரு கடிதம் கொண்டாந்தா பொலிஸ் பிணைல விடுறாங்களாம். இல்லாட்டி வழக்குப் போட்டு உள்ளுக்குத்தானாம். ஒரு சமாதானம் அடிச்சுத் தாங்க மிஸ்."

நான் கடுதாசியை எடுத்தேன். பத்து வருடம் என்று எழுதினால் ஐந்து நிமிட வேலை. மிஸ் செருப்பைத் தேடினார்.

"மிஸ், இண்டைக்கு அதெல்லாம் ஏலாது. மூண்டரைக்கு ஜனா கடற்கரையில நிப்பார்."

"எந்த மாடி?" என்று அவர் ஸமீமாவிடம் கேட்டார்.

"நாலாம் மாடி மிஸ். லிஃப்ட் வேல செய்யல்ல."

"ஈஸ்டர் குண்டு வெடிச்ச கிழம உங்கட ப்ளொக்குக்கு வந்தேனே."

"வந்தீங்க. ரெண்டாம் மாடியோட திரும்பிட்டீங்க. எங்கட வீட்டுல டீ ஊத்தி வெச்சிட்டுப் பாத்துட்டு இருந்தோம்." அந்த நிலையிலும் ஸமீமாவின் குரலில் மனத்தாங்கல் இருந்தது.

"அப்ப அந்த டீயக் குடிச்சிருவோம்" என்றார் மிஸ்.

நான்கு மாடி ஏற இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்குவதாகத் தெரியக்கூடாதென்று, வாசலில் நின்றவர்களிடம் ஷிப்லியைப் பற்றி விசாரித்தார். மூன்றாம் மாடியில் இராமலெட்சுமி என்ற அம்மா, தண்ணீர் வராத நாட்களில் அவன்தான் தனக்கு வாளி தூக்கித் தருவதாகவும், ஆனால் பைக்கைத் தன் வாசலில் நிறுத்தித் தொலைக்கிறான் என்றும் சொன்னார். மிஸ் இரண்டையும் என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மேலே இஞ்சிப் ப்ளேன்டீ வந்தது. சீனி மூன்று. அவன் பிரித்துப் போட்ட ஃபோன்கள், அவன் கழுவாமல் விட்டுப்போன கோப்பை, எல்லாவற்றையும் மிஸ் பார்த்தார். பிறகு எழும்பப் பார்த்தார். முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன.

"நீ எழுது புள்ள, நான் கையெழுத்து வெக்கிறேன். நீயே கொண்டு போ."

சிங்களத்தில் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத எழுத எனக்குக் கொதித்தது. 'இவரை நான் இன்னும் நேரில் கண்டதில்லை. இவரது வீட்டை இன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அறிவேன். கீழ்வீட்டு முதியவருக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்கிறார். பைக்கைப் பிழையான இடத்தில் நிறுத்துகிறார்…'

நான் பேனையை வைத்துவிட்டேன். "மிஸ், உங்களுக்கு விசரா? ஆளைக் காணல்ல எண்டு எழுதினா யார் விடுவான்? பத்து வருஷம் எண்டு போடுங்க. எல்லாரும் போடுறதுதானே!"

"எல்லாரும் போடுறதாலதான் அவங்க ஒண்டையும் வாசிக்கிறதில்ல."

"அது பொலிஸ். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தோம் எண்டு கத சொல்ற இடமில்ல. ஒரு பொடியன் உள்ளுக்கு இருக்கிறான். உங்கட நேர்மையக் காட்ட அவனா கிடைச்சான்?"

ஸமீமா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிஸ் கோபிக்கவில்லை. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, நடுங்க நடுங்கக் கையெழுத்து வைத்தார். மை தொட்ட எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. முத்திரையையும் சரித்துத்தான் குத்தினார்.

படியால் இறங்கும்போது ஜனா ஃபோன் எடுத்தார். "டிலுக்ஷி, எங்க நிக்கிறீர்? கமராக்காரன் வந்திட்டான். புறாக்கள் வெயிலில கிடக்குது."

"மிஸ்ஸுக்கு வர ஏலாது. அவ நாலாம் மாடியில இருக்கிறா."

நாலாம் மாடி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பொலிஸ் தலைமையகத்தில் விசாரணைக்குக் கொண்டுபோகிற மாடி. போனவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

"ஐயோ… எத்தனை மணிக்குக் கொண்டு போனவங்கள்? ஆர் வந்தது? நான் இப்பவே லோயருக்கு எடுக்கிறன்…"

"அந்த நாலாம் மாடி இல்ல, ஜனா அண்ணா! ஸமீமா வீட்டு நாலாம் மாடி. டீ குடிச்சிட்டு இருக்கிறா."

அவர் என்னை ஏசியதை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் குரல் உடைந்திருந்தது. அதுவரை அவருக்கு மிஸ் ஒரு புரொஜெக்ட் என்றுதான் நினைத்திருந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கடிதத்தைச் சிரிப்போடு வாசிக்கத் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. சிங்களத்தில் கேட்டார்:

"ஆளையே காணாத நோனா நற்சான்று தருகிறாரா? இது யாருடைய எழுத்து?"

"என்னுடையது சேர். அவ சொல்ல நான் எழுதினேன்."

அவர் அலுமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். மிஸ் பல வருடத்துக்கு முன் கொடுத்த ஒரு கடிதம். அதில் கையெழுத்து கம்பி மாதிரி நேராக நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"கடிதம் உன் எழுத்து. கையெழுத்து அவருடையது மாதிரி இல்லை. நீயே வைத்தாயா?"

"அவவுக்கு எண்பத்துநாலு வயசு சேர். கை நடுங்குது. வந்து பாருங்க, நாலாம் மாடியில இருக்கிறா." அந்தச் சொல்லைக் கேட்டு அவரும் ஒரு தரம் நிமிர்ந்தார்.

"நான் ஏன் வரவேண்டும்? இந்த நோனாவை யாருக்குத் தெரியும்? கவுத தன்னே?"

"மம தன்னவா" என்றேன். எனக்குத் தெரியும் என்று.

"அப்படியென்றால் அதை எழுதிக் கையெழுத்து வை. எத்தனை வருடமாகத் தெரியும் என்றும் எழுது." வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். மணி மூன்று ஐம்பது.

கூட்டுக் கம்பிக்குப் பின்னால் ஷிப்லி வாங்கில் குந்தியிருந்தான். மெலிந்த பொடியன். காலில் செருப்பு இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். 'மிஸ் யூஜினாவை நான் பத்து வருடங்…' கை தானாக எழுதியது. பத்து வருடம் என்றால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அவ்வளவு லேசு.

எனக்கு மிஸ்ஸின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேலே இருந்து இஞ்சி டீ குடித்துக்கொண்டே என் கையைப் பிடித்துவிட்டாரே என்று. வெட்டினேன். 'பதினொரு கிழமைகளாக அறிவேன்' என்று எழுதினேன். எழுத வந்ததும் நிற்கவில்லை. அவர் களவாகச் சீனி தின்கிறவர் என்றும், பிடிவாதக்காரி என்றும், அவர் பொய் எழுதி நான் பார்த்ததில்லை என்றும், இன்றைக்காவது எழுதியிருக்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன் என்றும் எழுதினேன்.

பொறுப்பதிகாரி என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மிஸ்ஸின் கடிதத்தை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பதினொரு கிழமை. இரண்டு மணியிலிருந்து. பைக்கைப் பிழையாக நிறுத்துகிறான்." தனக்குள் சொல்லிக்கொண்டார். "கள்ளக் கடிதம் எழுதுகிறவன் இவ்வளவு மோசமாக எழுத மாட்டான்."

ஷிப்லியைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை வந்து கையொப்பமிட வேண்டும் என்றார். ஸ்டிக்கரை உரித்து வைத்துக்கொண்டார். அதை உரிக்க அவருக்கு என்ன உரிமை என்று வாயைத் திறந்தேன். ஷிப்லி என் பையைப் பிடித்து இழுத்தான். முன்பின் தெரியாதவன்தான், ஆனால் என் வாயை எப்படியோ தெரிந்து வைத்திருந்தான்.

நாலாம் மாடியில் ஸமீமா மகனைக் கட்டிப்பிடித்து அழுது, பிறகு கழுவாத கோப்பைக்காக ஏசினார். மிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? சரி. நான் நினைச்சதை விடக் கட்டை." பிறகு என்னிடம் திரும்பினார். "கடிதத்த வாசிச்சாங்களா?"

"ரெண்டு தரம்" என்றேன். சொல்லப் பிடிக்காமல்தான் சொன்னேன். என் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். கொடுக்க முன்னர் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டு என்றார்.

ஜனா அதற்குள் மேலே ஏறி வந்துவிட்டார். வேர்த்து ஒழுகியபடி, கையில் புறாக் கூட்டோடு. கீழே வைத்தால் பூனை பிடித்துவிடும் என்றார். அவரும் ஷிப்லியும் மிஸ்ஸைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி இறக்குவதென்று முடிவானது. ஸமீமா ஜனாவுக்கும் ஒரு டீ கொடுத்தார். "குடிச்சிட்டுத் தூக்குங்கோ, இனி உங்களுக்கும் கடிதம் தருவாங்க" என்றான் ஷிப்லி, ஜனாவின் யாழ்ப்பாணத் தமிழை நையாண்டி பண்ணி.

மிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் கடிதத்தை மெதுவாக வாசித்தார். சீனி என்ற இடத்தில் முறைத்தார். பிடிவாதக்காரி என்ற இடத்தில் தலையாட்டினார். திரும்பக் கடிதத்தின் முதல் வரிக்குப் போனார்.

"இது என்ன வெட்டு?"

"பத்து வருஷம் எண்டு எழுதப் பாத்தேன் மிஸ். பிறகு வெட்டினேன்."

"ம்." ஃபோனை என் கையில் தந்தார், கையை எடுக்கவில்லை. "இருந்தாலும் பிழை எழுதிட்ட. பதினொண்டு இல்ல, பத்துக் கிழம."

"மிஸ், நான் வேலைக்கு வந்தே பதினொரு கிழம!"

"வந்தது பதினொண்டுதான். முதல் கிழம நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு ஒரு சொட்டு டீ குடிக்கல்ல. அத எப்பிடிப் புள்ள தெரியும் எண்டு எழுதுறது?"