சுவருக்கு வெளியே மிதிப்பலகை

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டு, கரண்டே வேண்டாத ரம்பங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஆள் பாபநாசம் வட்டாரத்திலேயே மருதையன் ஒருவர்தான். காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் பல் வைத்த வட்டத் தகடு சுழன்று மரத்தை அறுக்கும். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த சாமான்கள். நாகப்பட்டினத்துப் பாதிரியார் வீட்டுக் கொட்டகையில் ஒன்று, மயிலாடுதுறையில் அல்லா பிச்சையின் பழைய இரும்புக் கடையில் ஒன்று என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து, துரு சுரண்டி, எண்ணெய் காட்டி, தேய்ந்த பல்லை அரத்தால் ராவி ஓட வைத்துவிடுவார். வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட இடம் கிடையாது.

“விருந்தாளி வந்தா ரம்பத்து மேலயா உக்காரச் சொல்றது?” என்று மனைவி செவ்வந்தி கேட்பாள்.

“உக்காரச் சொல்லிப் பாரு. சீக்கிரம் கெளம்பிருவாங்க” என்பார் மருதையன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரை மாதம் அவர் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. முன்னால் காரில் வந்து இறங்கியவர் பஞ்சநதம், பண்ணை வீட்டுப் பேரன். அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது செத்தவர் பெயரிலும் பிறக்காதவர் பெயரிலும் வயலை எழுதிவைத்துத் தப்பித்தவர்கள். ஆட்சி மாறினால் வேட்டியின் கரையும் மாறும். குத்தகைக்காரர்களோடு வழக்கு இன்னும் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு அது நடக்கட்டும் என்று, பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

டெம்போவிலிருந்து நாலு பேர் ஒரு ரம்பத்தை இறக்கினார்கள். இரும்புக் கால், மேலே தேக்குப் பலகை, பெரிய சக்கரம். மிதிப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. அதன் அச்சு மட்டும் பக்கவாட்டில் ஓர் ஆள் நீளத்துக்கு மேல் நீண்டு, கடைசியில் போய் ஒரு பலகையில் முடிந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது கோணல்மாணலான வேலையாகத் தெரியும். மருதையனுக்குப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த ரம்பம் என்று தெரிந்துவிட்டது.

பண்ணை வீட்டுப் பட்டறை அறை வீட்டோடு ஒட்டியது. கீழத்தெருக்காரர்கள் அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஆசாரி உள்ளே மரத்தைப் பிடித்து அறுக்க வேண்டும். மிதிக்கவோ கீழத்தெருப் பண்ணையாள் வேண்டும். அதற்காகச் சுவரில் ஓட்டை போட்டு, அச்சை நீட்டி, மிதிப்பலகையை வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே நின்று மிதித்தவர் மருதையனின் அப்பா வேம்பு. உள்ளேயிருந்து ஆசாரி சுவரைத் தட்டினால் மிதிக்க வேண்டும், மறுபடி தட்டினால் நிறுத்த வேண்டும். அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டு ஊரே வேலைநிறுத்தம் செய்த வருஷத்தில் வெளியூர் ஆள் வந்து மிதித்தான். போராடி அரைப்படியை வாங்கிக்கொண்டு வேம்பு மறுபடி மிதிக்கப் போனார். மிதிப்பலகை அதே இடத்தில்தான் இருந்தது. மேடைக்கு மேடை சுயமரியாதை பேசிய காலம் அது. அந்தப் பேச்சு அந்தச் சுவரைத் தாண்டி வரவில்லை.

“இந்த நீட்டுக் கம்பிய மட்டும் வெட்டிப்புடுங்க. பின்னாடி யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்க. அசலா இருந்தாத்தான் வெள்ளக்காரங்க ரசிப்பாங்க” என்றார் பஞ்சநதம். சென்னையில் வளர்ந்தவர், வேம்புவின் மகனிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

“கம்பியோடதான் செய்வேன். வேண்டாம்னா ஏத்திக்கிட்டுப் போயிருங்க.”

“அட, கோவப்படாதீங்க. சும்மா ஒரு யோசனை சொன்னேன். உங்க இஷ்டம்போலச் செய்ங்க.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று மருதையன் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வைகாசி முழுக்க அந்த ரம்பத்தோடு கிடந்தார். அந்த வெளிப் பலகையில் மட்டும் அவர் இழைப்புளியை வைக்கவில்லை. நடுவில் ஒரு பாதம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. செவ்வந்தி அதைத் தடவிப் பார்த்தாள். “மாமா காலா?” என்று கேட்டவள், அதற்குப் பிறகு ரம்பங்களைக் கேலி செய்யவில்லை.

திறப்பு விழா அன்று காலையில்தான் ரம்பத்தைப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வேலையிலிருந்த ஆசாரியின் துணையோடு மாட்டினார்கள். பட்டறை அறை வரவேற்பறை ஆகியிருந்தது. மருதையன் அந்த அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பூசி அடைத்திருந்த ஓட்டையைத் தேடித் திறந்து, கம்பியை அதன் வழியாகவே விட்டு, வெளியே பலகையைப் பூட்டிவிட்டு வந்தார். எது நடந்ததோ அது அப்படியே தெரியட்டும் என்றுதான் அவர் நினைத்தார்.

கை கழுவிவிட்டுத் திரும்பி வருவதற்குள் ரம்பத்துக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. பொன் எழுத்து, முன்கூட்டியே எழுதி வைத்தது. ‘நீள்மிதி ரம்பம். வேலையாள் புழுங்காமல், காற்றாட நின்று மிதிப்பதற்காக எங்கள் பாட்டனார் தாமே யோசித்துச் செய்த ஏற்பாடு.’

மருதையன் அதை இரண்டு தடவை படித்தார். காற்றாம் காற்று! மேற்குப் பார்த்த சுவர்; தலைக்கு மேல் ஓர் ஓலை கிடையாது; காலடியில் வீட்டுக் கழிவுத் தண்ணீர் தேங்குகிற சாக்கடை. கம்பியை வெட்டியிருந்தால்கூட மறைத்தார்கள் என்றாவது சொல்லலாம். இது மறைப்பதைவிடக் கேவலம். தீண்டாமைக்குத் தர்மம் என்று பெயர் வைத்து, அதற்குப் பொன் எழுத்தும் போட்டிருந்தார்கள்.

அதற்குள் மாவட்டத்துப் பெரிய கட்சிக்காரர் மாலையும் கூட்டமுமாக உள்ளே வந்துவிட்டார். “கரண்டு இல்லாமயே ஓடுமாமே? ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்” என்றார்.

பஞ்சநதம் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் அவர் கண் நேராக மருதையனிடம் வந்து நின்றது. “மருதையன், நீங்க கொஞ்சம் வெளியில போய் மிதிங்களேன். உள்ள மரத்த ஆசாரி புடிச்சிக்கட்டும்.”

கேட்ட விதத்தில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. யோசித்துக்கூட அவர் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது. அதுதான் மருதையனைச் சுட்டது.

“மரத்த நான் புடிக்கிறேன். நீங்க போய் மிதிங்க.”

பஞ்சநதம் சிரித்தார். “நானா? வெளையாடாதீங்க. அந்த வெயில்ல, சாக்கடையில எப்படிங்க நிக்கிறது?”

“சாக்கடையா? காத்துன்னுல்ல எழுதிப் போட்டிருக்கீங்க! உங்க தாத்தா யோசிச்சுப் பண்ணுன காத்து. போய் நல்லா வாங்கிட்டு வாங்க.”

கூட்டம் அப்போதுதான் நிமிர்ந்து அட்டையைப் படித்தது. கட்சிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “யாருப்பா மிதிச்சது இத?” என்று கேட்டார்.

“எங்கப்பாங்க. பேரு வேம்பு. உள்ள வந்தா தீட்டுன்னு சொவத்துல ஓட்டை போட்டுக் கம்பிய வெளிய நீட்டுனாங்க. பாதி ஆயுசு மிதிச்சாரு. இந்த ரம்பம் எப்படி இருக்கும்னு சாகுறவரைக்கும் அவரு கண்ணால பாத்ததில்ல.”

கட்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்றார். இலை போட்டாயிற்றா என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் நகர்ந்துவிட்டது.

மருதையன் எட்டி அட்டையைக் கழற்றிப் பஞ்சநதத்தின் கையில் கொடுத்தார். பஞ்சநதத்தின் முகம் சிவந்திருந்தது. பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

“இத்தன பேரு முன்னாடி இது தேவையா, மருதையன்? முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?”

“முன்னாடி எப்பங்க எங்கள வீட்டுக்குள்ள விட்டீங்க?” என்றார் மருதையன்.